சம்பந்திக்குப் போன மூன்றாவது மெசேஜ்

டிங். டிங். டிங். கண்ணைத் திறக்கும் முன்பே காதில் விழும் சத்தம் இது. ராத்திரியெல்லாம் மெசேஜ் அனுப்பிவிட்டு விடிந்தபிறகு படுக்கிறவர்களுக்கு எழுப்பிவிட வேறு ஆள் வேண்டாம். தொழில் செய்கிறவர்கள் கூடும் வலைத்தளத்தில், முன்பின் தெரியாதவர்களுக்கு வணக்கம் சொல்லி வியாபாரம் கேட்பது என் பிழைப்பு. நேரில் ஒருவரிடம் மணி என்னவென்று கேட்கக்கூடக் கூச்சப்படுகிறவள் நான். நீங்களும் இதே பிழைப்பில் இருந்தால், பதில் வராத ராத்திரிகள் எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தூங்காத ஆள்

கணபதி ஏரியாவில் ஒரு பம்ப் கம்பெனிக்காக எழுதுகிறேன். பேரும் போட்டோவும் முதலாளியுடையது, எழுத்து என்னுடையது. கம்ப்யூட்டரும் இங்கிலீஷும் வீடியோ பார்த்து நானாகக் கற்றது. ஒவ்வொருவராகத் தேடி எழுதி விரல் ஓய்ந்துபோனதும் ஆட்டோமேஷன் சாப்ட்வேர் ஒன்றை வாங்கினோம், எங்கள் வாயில் அது 'மெஷின்'. பெயர்ப் பட்டியலைக் கொடுத்தால் போதும். நான்கு நாளுக்கு ஒன்றாக மூன்று மெசேஜ் தானாகவே போய்விடும். முதலாளி திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க அம்மணி, இது தூங்கவே தூங்காதுங்களா?"

கோபிக்காரர்

கோபிசெட்டிபாளையத்து ரைஸ் மில்காரர் ஒருவர் முதல் மெசேஜுக்கே பதில் போட்டிருந்தார். 'உங்க பம்ப் ரெண்டு ஏற்கெனவே ஓடுது, நல்லாத்தான் இருக்கு' என்று. பதில் வந்தால் நிறுத்து என்று மெஷினுக்கு நான் சொல்லி வைக்கவில்லை. அது பாட்டுக்கு 'உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்' என்று இரண்டாவதையும் அனுப்பிவிட்டது. மனிதர் கம்பெனிக்கே போன் போட்டார். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும்.

"நான் பதில் போட்டு நாலு நாளாச்சுங்க. உங்க கம்பெனியில படிக்கத் தெரிஞ்சவங்க யாராச்சும் இருக்கறாங்களா?"

ஏழு மிஸ்டு கால்

முதலாளியின் மகளுக்கு வெள்ளகோவில் ஆயில் மில்காரரின் மகனைப் பேசி நிச்சயம் முடிந்திருந்தது. கல்யாணத்துக்கு மூன்று வாரம். ஒரு மத்தியானம் எழுந்து பார்த்தால் முதலாளியிடமிருந்து ஏழு மிஸ்டு கால். நான் கொடுத்திருந்த 'தமிழ்நாடு, மில் உரிமையாளர்கள்' பட்டியலில் சம்பந்தியும் இருந்திருக்கிறார். நானூறு பெயரில் முதல் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு நான் நிறுத்திக்கொண்டது இப்போது உறைத்தது.

முதல் மெசேஜ், 'நாம் இதுவரை சந்தித்ததில்லை.' இரண்டாவது, 'நினைவூட்டுகிறேன்.' மூன்றாவது, 'பதில் இல்லாததால் இனி உங்களைத் தொடர்புகொள்ள மாட்டேன்.' எல்லாம் முதலாளியின் சிரித்த முகத்தோடு. நிச்சயத்தன்று பக்கத்துப் பக்கத்து இலையில் சாப்பிட்ட மனிதர்கள். மூன்றாவது போன முந்தின நாளிலிருந்து சம்பந்தி போனை எடுக்கவில்லை. முதலாளி என்னைத் திட்டவில்லை. குரல்தான் இறங்கியிருந்தது.

"பொண்ணு காலையில இருந்து சாப்பிடலைங்க அம்மணி. நீங்களே வந்து உங்க வாயால சொல்லிப்போடுங்க."

நானூறில் ஒருவர்

மறுநாள் வெள்ளகோவிலில் சம்பந்தி வீட்டுக் கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலாளியை யாரும் உட்காரச் சொல்லவில்லை, வாசலோரம் நின்றார். "அனுப்புனது மெஷினுங்க. பேரைப் படிக்காம உட்டது நானுங்க. அவருக்கு எதுவும் தெரியாதுங்க," என்றேன்.

சம்பந்திப் பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பட்டியலை மேலிருந்து கீழாக நகர்த்தினார். தன் பெயர் ஒரு மாட்டுத்தீவனக் கம்பெனிக்கும் நூல் மில்லுக்கும் நடுவில் கிடப்பதைக் கண்டார். "நானூறு பேருக்கும் இதே எழுத்துங்களா?" "ஆமாங்க." "அப்ப எனக்குன்னு எழுதலை." முகம் இளகியது. "ஏனுங்க சம்பந்தி, நின்னுக்கிட்டு? உக்காருங்க." அவர் இன்னும் கீழே நகர்த்தி ஒரு பெயரில் விரலை வைத்தார்.

"இது என்ர மச்சான். இவருக்கும் 'இனித் தொடர்புகொள்ள மாட்டேன்' போயிருச்சுங்களா? நல்லது, அது அப்படியே இருக்கட்டும்."

கல்யாணத்தில்

மெஷினை விட்டுவிடவில்லை. இப்போது நான் படித்துப் பார்க்காத பெயருக்கு அது எதுவும் அனுப்பாது. ஒருவர் பதில் போட்டால் அங்கேயே நின்றுவிடும். மூன்றாவது மெசேஜ் கிடையாது. ராத்திரிக்கு இருபது பேர், என் பேரில், என் முகத்தில். பதில்கள் குறைவுதான், ஆனால் எவரும் கோபமாகப் போன் செய்வதில்லை. முகூர்த்தம் முடிந்து மேடையேறி நின்ற என் கையைப் பிடித்துக்கொண்டு மணப்பெண் காதோடு சொன்னாள்:

"அக்கா, பத்திரிகை ஒண்ணுகூட போன்ல அனுப்பலைங்க. அப்பா ஊடு ஊடா நேர்லயே போய்க் குடுத்துட்டு வந்தாரு."

தெரியாதவருக்கு வணக்கம் சொல்ல ஒரு மெஷின் போதும், அவர் உண்மையிலேயே தெரியாதவர்தானா என்று பார்க்கத்தான் எனக்குச் சம்பளம் என்பது ஒரு கல்யாணம் ஆட்டம் கண்ட பிறகே எனக்கு விளங்கியது. இன்றைய பட்டியலைத் திறந்து, முதல் பெயரிலிருந்து படிக்கத் தொடங்குகிறேன்.