முழங்கால் மடக்கும் துப்பாக்கி

ஷார்ஜாவில் அத்தான் வீட்டு ஹாலில் ஒரு மரத்துப்பாக்கி கிடந்தது. சோபாவைவிட நீளம். அக்காவின் கணவரான அத்தானுக்கு ஒரு தனியார் காட்சிக்கூடத்தில் வேலை. அவர் அர்பாப் என்று அழைத்த முதலாளி, பழைய ஜெர்மன் கைத்துப்பாக்கிகளைச் சேர்ப்பவர். தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்ட முதல் துப்பாக்கிகளில் ஒன்றான போர்ச்சார்ட் இயங்கும் விதத்தைக் காட்டத்தான் அத்தான் அந்த மாதிரியைச் செய்தார். சுட்ட வேகத்தில் மேலிருக்கும் மூட்டு முழங்கால்போல மடங்கி, சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை வெளியே தள்ளும். நிமிரும்போது அடுத்த தோட்டா உள்ளே போய்விடும். வீட்டுக்கு யார் வந்தாலும் டீ வருவதற்குள் இழுத்துக் காட்டிவிடுவார்.

கூடவே ஒரு கதையும் உண்டு. அந்தத் துப்பாக்கி பின்பக்கம் பருத்துக் கைக்கு அடங்காமல் இருந்ததாம். மாற்றச் சொன்னதற்கு, செய்த போர்ச்சார்ட் மறுத்துவிட்டாராம். இன்னொருவர் அதே மூட்டை எடுத்துக் கச்சிதமாக்கினார். அவர் பேரில் வந்ததுதான் லூகர். உலகம் லூகரைத்தான் அறியும். "வீம்பு பிடிச்ச மனுசன். பேரே போச்சு பாத்தியளா?" என்று அத்தான் சிரிப்பார். அவர்களோடு தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன்.

வெளியூர்க் கண்காட்சிகளுக்கும் கொண்டுபோகும்படி மாதிரியைச் சிறிதாக்கச் சொன்னார் அர்பாப். அத்தான் முடியாது என்றார். "சின்னதாக்குனா மடங்குறது கண்ணுக்கே தெரியாது."

"கொஞ்சம் விட்டுக்குடுத்தா என்னவாம்? பிள்ளை பத்தாவது படிக்கா," என்று அக்கா கெஞ்சினாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

அத்தானே ஊரிலிருந்து வரவழைத்த உதவியாளர் அதைச் செய்து கொடுத்தார். அர்பாப் அத்தானிடம் "கலாஸ்", எல்லாம் முடிந்தது என்றார். அத்தானின் விசா ரத்தானது. பரீட்சைக்கு முன்பே மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்திக்கொண்டு குடும்பம் திருநெல்வேலிக்குப் போனது. பிள்ளைக்கு ஒரு வருடம் வீணானது.

போன வாரம் அந்தக் காட்சிக்கூடத்துக்குப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள் கையகல மாதிரி, அதன் கீழே உதவியாளரின் பெயர். பொத்தானை அழுத்தினால் மூட்டு மடங்குகிறது. சின்னக் குழந்தைக்கும் புரியும்.

அன்று போனில் அங்கே போனதைச் சொன்னதும் அத்தான் முதலில் கேட்டதே அதைத்தான். "மடங்குறது தெரியுதா?"

"தெரியல அத்தான்."

"பாத்தியா, அப்பவே சொன்னேம்லா!" குரலில் அப்படியொரு குதூகலம். உடனே அக்காவைக் கூப்பிட்டு அவளிடமும் சொன்னார்.

"ஆமா," என்றாள் அக்கா. "நீங்கதான் ஜெயிச்சிட்டிய."