இரண்டு பேருக்கான கைச்செலவு

ஆரணி டவுனில் பாதிப் பேருக்கு அந்தோணியம்மாளின் முகம் தெரியாது. குரலும் வலது கையும்தான் தெரியும். மின்வாரிய அலுவலகத்தில் பணம் கட்டும் ஜன்னல் அப்படி. அழுக்கேறி மங்கிய கண்ணாடிக்குக் கீழே கை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. அதற்கு அந்தப் பக்கம் பட்டு முதலாளி, ரைஸ் மில் மேனேஜர், தறிக்காரர், வாத்தியார் என்று ஊரே குனிந்து நின்றது. இந்தப் பக்கம் அந்தோணியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினால், "சில்லறை கொண்டாங்க" என்பாள். கூட ஒரு வார்த்தை பேசினால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள் என்பதுபோல அடுத்த ஆளைப் பார்ப்பாள்.

அலுவலக வாசலில் பூக்கடை போட்டிருந்த காசியம்மாளுக்கு மட்டும் கதை நேர்மாறு. அவளிடம் இருப்பதெல்லாம் சில்லறைதான். புடவை மடியில் காசைக் கட்டிக்கொண்டு வந்து ஓட்டை வழியாகத் தள்ளுவாள். "இத எண்ணிகினு ஒக்காந்தா எனக்குப் பொழுது போயிடும். நோட்டா மாத்திகினு வாங்க" என்று அந்தக் காசு அப்படியே திரும்பி வரும். காசியம்மாள் அதை வாரி மடியில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போவாள், நோட்டாக மாற்ற. முப்பது வருஷத்தில் இரண்டு பேருக்கும் இருந்த பேச்சுவார்த்தை இவ்வளவுதான்.

அந்தோணியம்மாளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று கேட்டவர்கள் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். அண்ணனும் அண்ணியும் ஒரு விபத்தில் ஒன்றாகப் போய்ச் சேர்ந்த பிறகு, அவர்களுடைய மகள் டயானாவை வளர்த்து, படிக்கவைத்து, சென்னையில் கட்டிக்கொடுத்தது இவள்தான். அந்த டயானா ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள், "அத்த, நீங்க ரிட்டயர் ஆனதும் நாம ரெண்டு பேரும் கப்பல்ல போலாம்" என்று சொன்னாள். பிள்ளைகள் சொல்வதுதான். சொன்னவள் மறந்துவிட்டாள். கேட்டவள் பத்திரமாக வைத்திருந்தாள்.

போன மே மாதம் ஓய்வு பெற்றாள். மாலை போட்டார்கள், ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கடிகாரத்தை மாட்டினாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் சத்தம் போடுவது அது ஒன்றுதான் என்று ஆகிவிட்டது. கோயிலுக்குப் போனால் தெரிந்த முகங்கள் வணக்கம் சொல்லின, வீட்டுக்கு வரவில்லை. குற்றம் சொல்ல முடியாது. இவளும் யார் வீட்டுக்கும் போனதில்லை. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு டயானாவுக்குப் போன் போட்டாள்.

"கப்பல்ல போலாம்னியே."

எந்தக் கப்பல் என்று டயானா முதலில் கேட்டாள். பிறகு சிரித்தாள். "போலாம் அத்த. கட்டாயம் போலாம்."

சென்னைத் துறைமுகத்தில் ஏற்றிக்கொண்டு, இரண்டு ராத்திரி கடலில் சுற்றிவிட்டு, மறுபடியும் சென்னையிலேயே இறக்கிவிடுகிற கப்பல். அறைக்கு இரண்டு பேர் என்றுதான் காசு. ஒருத்தர் மட்டும் போனாலும் இரண்டு பேருக்கும் கட்ட வேண்டும். அந்தோணியம்மாள் தன் பணத்தில் கட்டினாள், டயானா கம்ப்யூட்டரில் பதிவு செய்தாள். சாப்பாடு, படுக்கை எல்லாம் டிக்கெட்டிலேயே சேர்த்தி, ஆனால் கைச்செலவுக்குத் தனியாக வேண்டும் என்று சொன்னாள். அந்த ஒரு வார்த்தை போதாதா? மூன்று வாரம் அந்தோணியம்மாளுக்கு வேறு வேலையே இல்லை.

பட்டுக்கடைகளில் இனாமாகத் தரும் ஜிப் பைகள் வீட்டில் நிறையக் கிடந்தன. ஒரு செலவுக்கு ஒரு பை என்று எடுத்து வைத்தாள். ஸ்பெஷல் காபி என்று ஒன்று தனியாக விற்கிறார்களாம், அதற்கு ஒரு பை. டயானாவுக்கு ஐஸ்கிரீம் பிடிக்கும், அதற்கு ஒன்று. அறை துடைக்கும் பையனுக்கு இனாம். எல்லாவற்றையும்விடக் கனமான பை போட்டோவுக்கு. கப்பல் மேல்தளத்தில் கடல் தெரிய நிற்கவைத்துப் படம் பிடித்து, சட்டம் போட்டே தருவார்களாம். இரண்டு பேரும் சேர்ந்து நிற்கிற படம் அந்த வீட்டில் டயானாவின் கல்யாணத்தில் எடுத்தது ஒன்றுதான். அதிலும் அந்தோணியம்மாள் கண்ணை மூடியிருந்தாள்.

சில்லறை இல்லாமல் எவன் முன்னாலும் போய் நிற்பதில்லை என்பதில் மட்டும் உறுதியாக இருந்தாள். ஊரையே சில்லறைக்கு விரட்டியவளை நாளைக்கு ஒரு கப்பல்காரன் விரட்டினால் அவமானம் இல்லையா? நோட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு நேராகக் காசியம்மாளிடம் போனாள்.

காசியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "மேடம். நீங்களா சில்லற கேக்கறீங்க?"

"ஆமா."

"நல்லா கேட்டீங்க போங்க." காசியம்மாள் சிரித்தாள். ஆனால் பழிவாங்கவில்லை. நாலைந்து நாள் சேர்த்து வைத்து, பத்தும் இருபதும் நாணயமுமாகக் கொடுத்தாள். எண்ணிக் கொடுக்கும்போது, எதற்கு என்று கேட்டாள். அந்தோணியம்மாள் சொன்னாள். ஊரில் முதல்முதலாக ஓர் ஆளிடம் சொல்வதால் கொஞ்சம் நீளமாகவே சொல்லிவிட்டாள்.

"ஏறுன எடத்துலயே எறக்கி வுடறதுக்கா இவ்ளோ காசு?" என்றாள் காசியம்மாள். பிறகு பூவைக் கட்டிக்கொண்டே, "நான் கடல டீவில பாத்ததோட சரி. எம்மாம் பெருசா இருக்கும், இல்ல?" என்றாள்.

கிளம்புவதற்குப் பத்து நாள் இருக்கும்போது டயானாவின் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. டயானா போனில் அழுதாள்.

"நான் இன்னா அத்த பண்றது? அவங்கள இப்பிடி வுட்டுட்டு எப்பிடி வருவேன்? பணமும் திரும்பி வராதாம். வேற யாரையாவது கூட்டினு போங்க. பேர மாத்திக்கலாம். சனிக்கெழமைக்குள்ள அவங்க ஆதார் கார்ட மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க."

யார் மேலும் கோபப்பட வழியில்லாத ஏமாற்றம்தான் மோசமானது. அந்தோணியம்மாள் மத்தியானம் முழுக்க யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தாள். ஆபீஸில் பக்கத்து மேஜையில் உட்கார்ந்தவளுக்குப் பேரன் பேத்தி. கோயிலில் தெரிந்தவர்களுக்கெல்லாம் கூடவே ஓர் ஆள் உண்டு. யோசித்து யோசித்துக் கடைசியில் நினைவு ஒரே ஆளிடம் போய் நின்றது. டீவியில் கடல் பார்த்தவளிடம்.

வெள்ளிக்கிழமை காலையில் போனாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். 'எங்கூட வரீங்களா?' மூன்று வார்த்தைகூட இல்லை. ஆனால் பூக்கடை முன்னால் நின்றதும் வாய்க்கு முப்பது வருஷப் பழக்கம்தான் வந்தது.

"ஆதார் கார்டு இருக்குதா?"

ஜன்னலுக்கு உள்ளேயிருந்து கேட்ட அதே குரல். காசியம்மாள் பதறி எழுந்துவிட்டாள். "கரண்ட்டுக்கா மேடம்? அதான் அன்னிக்கே இணைச்சாச்சே. வரிசைல நின்னு உங்க ஆபீஸ்லதான் குடுத்தேன். ஏன், லைன கட் பண்றாங்களா?"

இல்லை, கப்பலுக்கு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தோணியம்மாளுக்குப் பயம். இவள் வரமாட்டேன் என்று சொன்னால் என்ன செய்வது? பூக்காரிகூட வரமாட்டேன் என்று சொன்ன ஒருத்தியாக இந்தத் தெருவில் எப்படி நடப்பது?

"ஒண்ணுமில்ல. சும்மா கேட்டேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

சனிக்கிழமை வந்தது, போனது. அந்த வாரம் முழுக்க அவள் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

கிளம்பும் நாளில் சென்னை பஸ்ஸுக்குக் காத்திருந்தவளைத் தேடிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கே காசியம்மாள் வந்துவிட்டாள். வாழை இலையில் சுற்றிய பூவும் இரண்டு பத்து ரூபாய் நோட்டும் கொண்டுவந்திருந்தாள்.

"வழிச் செலவுக்கு மேடம். உங்களுக்கு ஒண்ணு, பாப்பாவுக்கு ஒண்ணு. கப்பல்ல டீ வாங்கிக் குடிங்க. பூவும் ரெண்டா வச்சிருக்கேன்."

ஊருக்குப் போகிறவர் கையில் ஏதாவது வைத்து அழுத்துவது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம். அந்தோணியம்மாள் எத்தனையோ தடவை டயானா கையில் அழுத்தியிருக்கிறாள். அவள் கையில் யாரும் வைத்ததில்லை. பாப்பா வரவில்லை என்று சொல்ல வாயெடுத்தாள், பஸ் வந்துவிட்டது. வந்திராவிட்டாலும் சொல்லியிருப்பாளா என்பது சந்தேகம்தான்.

கப்பலைப் பற்றி என்ன சொல்ல? ஆரணிக் கோட்டை மைதானத்தைத் தூக்கி நிறுத்தியதுபோலப் பெரிதாக இருந்தது. அறையில் இரண்டு கட்டில். இரண்டின் மேலும் துண்டை மடித்து அன்னப்பறவை செய்து வைத்திருந்தார்கள். ஒன்றை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் படுத்தாள். இன்னொன்றைத் தொடவில்லை.

சாயங்காலம் மாம்பழ நிற ஆரணிப் பட்டைக் கட்டிக்கொண்டு, பைகளை எடுத்துக்கொண்டு காபிக் கடைக்குப் போனாள். இங்கே காசு வாங்குவதில்லை, கீழே கவுன்ட்டரில் பணம் கட்டி அட்டையில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்றார்கள். டயானா கூட இருந்திருந்தால் முதலிலேயே சொல்லியிருப்பாள். கவுன்ட்டரில் வரிசை. தன் முறை வந்ததும் பைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே இருந்த பையன் அதைப் பார்த்தான், பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தான்.

"சாரி மேம். இவ்வளவு சில்லறைய இப்ப எண்ண முடியாது. பெரிய நோட்டா கொடுங்க, இல்ல கார்டு கொடுங்க."

ஏ.டி.எம். கார்டு ஆரணியில் பீரோவில் இருந்தது. பட்ஜெட் போட்டாயிற்று, அதற்கு மேல் ஒரு பைசா தொடக் கூடாது என்று அவளே வைத்துப் பூட்டியது. நாணயங்களை வாரிப் பையில் போடும்போது, மடியில் காசைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போகும் ஒரு முதுகு ஞாபகம் வந்தது. எத்தனை தடவை! முகம் சுட்டது. அவமானம் கப்பல்காரனால் வந்ததல்ல என்று அவளுக்குத் தெரிந்தது.

மேல்தளத்தில் ஓர் இளம் ஜோடி, தங்களைப் படம் எடுத்துத் தரச் சொல்லிச் செல்போனை நீட்டினார்கள். எடுத்துக் கொடுத்தாள். "ஆன்ட்டி, நீங்க தனியாவா வந்திருக்கீங்க?" என்று அந்தப் பெண் அன்பாகத்தான் கேட்டாள்.

"இல்லம்மா. அண்ணன் பொண்ணு ரூம்ல இருக்கா."

பொய்க்குக் கால் முளைத்துவிட்டது. மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில் அதே ஜோடி எதிர் மேஜையில். அந்தோணியம்மாள் இனாமாக வைத்திருந்த டீயை இரண்டு கோப்பையில் பிடித்து, எதிர்நாற்காலி முன்னால் ஒன்றை வைத்தாள். அவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்து, ஆறிப்போன அந்த டீயையும் தானே குடித்தாள். கண்ணாடிக்கு வெளியே கடல் இருந்தது. எம்மாம் பெரிதாக இருந்தது. சொல்வதற்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

ஊருக்குத் திரும்பியதும் அந்தப் பைகளைத் தூக்கிக்கொண்டு பூக்கடைக்குப் போனாள். வழிச் செலவுக்குத் தந்த இரண்டு நோட்டும் தனியாக மேலே இருந்தன.

"இது செலவாவல காசியம்மா."

"வழிச் செலவுக்குக் குடுத்தத யாராவது திருப்பித் தருவாங்களா? டீ குடிக்கலயா?"

"ரெண்டு குடிச்சேன். அங்க சும்மாவே தராங்க."

"பாப்பா?"

"பாப்பா வரல. மாமியார் விழுந்துட்டாங்க."

பூக்கட்டும் கை நின்றது. "அப்ப அவ எடத்துல யாரு வந்தாங்க?"

"யாரும் வரல. சும்மாதான் கெடந்துச்சி. சனிக்கெழமைக்குள்ள ஆதார் குடுத்தா பேர மாத்தலாம்னாங்க."

காசியம்மாள் இடுப்பிலிருந்த சுருக்குப் பையை அவிழ்த்து, ஒரு பிளாஸ்டிக் உறைக்குள்ளிருந்த ஆதார் கார்டை எடுத்து வெளியே வைத்தாள்.

"இதுக்கா கேட்டீங்க? கரண்ட்டுக்குன்னு நெனச்சிகினு அன்னிக்கு சாயங்காலமே வூட்டுலர்ந்து எடுத்தாந்து வச்சிகினேன். திரும்பி வருவீங்கன்னு சனிக்கெழம பூரா பாத்துகினு இருந்தேன்." கார்டைத் திரும்பச் சுருக்குப் பையில் போட்டுக்கொண்டே, "ஒரு வார்த்த கேட்டிருந்தா வந்திருப்பனே மேடம்" என்றாள்.

அந்தோணியம்மாளுக்கு அழுகை வந்தது. ஆபீஸ் வாசல், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள், பழகிய முகங்கள் எதையும் பார்க்காமல் நின்ற இடத்திலேயே அழுதாள். காசியம்மாள் பூக்கூடையை நகர்த்தி, தன் முக்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டுத் தான் சாக்கின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"ஒக்காருங்க. கடல் எப்பிடி இருந்துச்சி, சொல்லுங்க."

அந்தோணியம்மாள் உட்கார்ந்தாள். ஆனால் எவ்வளவு யோசித்தும் கடல் நினைவுக்கு வரவில்லை, எதிரே இருந்த காலி நாற்காலிதான் வந்தது.