தீபாவளிப் பெட்டியும் குளிர்பெட்டியும்

சேவைச் சங்கத்து வேலைகளிலேயே கஷ்டமானது எது என்று கேட்டால், சர்க்கரை நோயாளியிடம் ஜாங்கிரி விற்பதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். புதுக்கோட்டையில் மோட்டாருக்குச் செப்புக்கம்பிக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற எனக்கு, ஒவ்வொரு ஐப்பசியிலும் இந்த உத்தியோகம் கூடுதலாக வந்து சேரும். எங்கள் சங்கம் தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி போட்டு விற்கிறது. அந்த லாபத்தில்தான் எங்கள் குளிர்பெட்டி ஓடுகிறது. சாவு வீட்டில் உடலை வைக்கிற பெட்டி அது. சுற்றுவட்டாரத்தில் யார் கேட்டாலும், வாடகை வாங்காமல் வேனில் ஏற்றிக்கொண்டு போய் வைத்துவிட்டு வருவோம். நீங்களும் ஏதாவது ஒரு சங்கத்தில் மாட்டிக்கொண்டு, தெரிந்தவர்கள் உங்களைக் கண்டதும் எதிர்ப்பக்கம் மாறி நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அப்படியென்றால் நாம் ஒரே கட்சி, மேற்கொண்டு படியுங்கள்.

மாத்திரை அட்டை

அரிசி மண்டி முதலாளி ஒருவர். நான் போய் நின்றதுமே மேசை டிராயரைத் திறந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். அதற்கெல்லாம் அசருகிற ஆளா நான்? குளிர்பெட்டி எத்தனை குடும்பங்களுக்கு உதவுகிறது என்று உருக்கமாக ஆரம்பித்தேன். மாத்திரை சாப்பிடுகிற மனுஷனிடம் போய்க் குளிர்பெட்டியைப் பற்றிப் பேசுகிறோமே என்று பாதியில்தான் உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

நல்ல வேளையாக அவர் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு பெட்டி போட்டுக்கொள்ளச் சொன்னார். யாருக்கு என்று கேட்டேன். "எம் மருமகனுக்குத்தான். அவருக்கு இன்னும் சர்க்கரை வரலைங்க."

வால் முளைத்த பூந்தி

பலகாரம் போடுவது குடுமியான்மலைப் பக்கத்திலிருந்து வருகிற மாஸ்டர் அடைக்கலம். கல்யாண மண்டபத்தின் கொல்லைப்புறத்தில் அடுப்பு மூட்டுவார். எங்கள் வேலை என்பதால் பாதிக் கூலிதான் வாங்குவார். கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார். அவருக்கு நாங்கள் பட்ட கடன் தீராது. சங்கத்துக்காரர்களும் ஆளுக்கு அரை நாள் கைவேலை செய்ய வேண்டும் என்பது எங்கள் விதி. மாஸ்டருக்கு இருக்கிற ஒரே தொந்தரவும் அந்த விதிதான்.

எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பூந்திக் கரண்டியைத் தானே பிடிப்பேன் என்று அடம்பிடித்தார். கரும்பலகையில் எழுதுகிற உயரத்துக்குக் கரண்டியைத் தூக்கி மாவைத் தேய்த்ததில், பூந்தி உருண்டையாக விழாமல் வாலும் மூக்குமாக விழுந்தது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது என்றார் தலைவர். மாஸ்டர் கைகூப்பிச் சொன்னார்: "சார், நீங்க நன்கொடை மட்டும் குடுங்க. கரண்டிய எங்கிட்டக் குடுத்துருங்க."

நிறுத்திவிடலாமா?

எங்கள் பொருளாளர் கார்த்திக், செல்போன் கடை வைத்திருப்பவர். இந்த வருடம் ஆர்டர் எடுக்கக் கிளம்பும் முன்பே கூட்டத்தில் எழுந்து நின்றார். திரும்பின பக்கமெல்லாம் ஸ்வீட் கடை வந்துவிட்டது, நாம் ஏன் இன்னும் அடுப்பங்கரையில் வேகிறோம், ஆளுக்கு இவ்வளவு என்று பணத்தைப் போனிலேயே அனுப்பிவிட்டால் ஒரே நிமிடத்தில் முடிந்ததே என்றார். பலர் தலையாட்டினார்கள். எனக்கும் முழங்கால் வலி. உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. இந்தத் தடவை விற்று முடிப்போம், தீபாவளி கழித்து ஓட்டெடுப்போம் என்று தலைவர் தள்ளிவைத்தார்.

டீ வாங்கி வந்த வேன் டிரைவர் சேகர் அதுவரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். குளிர்பெட்டியைத் தூக்கிப் போய் வைப்பவர் அவர்தான். அதன் கம்ப்ரஸர் முக்கி முனகித்தான் ஓடுகிறது, புதுப் பெட்டி வாங்கியாக வேண்டும் என்று அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். "வித்துச் சம்பாரிங்க, இல்ல போன்ல போடுங்க. அடுத்த பெட்டி வரலைன்னா நான் வெறும் வேனோட போயி நின்னு என்னா சொல்றது?"

தாண்டிப் போன வீடு

துக்க வீட்டில் ஆர்டர் கேட்கக் கூடாது என்பது எங்களுக்குள் இருக்கிற வழக்கம். சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் எண்ணெய்ச் சட்டி வைக்க மாட்டார்கள். அங்கே போய்ப் பெட்டியை நீட்டினால் நன்றாகவா இருக்கும்? அதனால் வல்லத்திராக்கோட்டையில் ஒரு டீச்சருக்குப் பெட்டி கொடுக்கப் போனபோது, பக்கத்து வீட்டு மாரிக்கண்ணு அக்காவைப் பார்த்தும் பார்க்காததுபோல் வண்டியைத் திருப்பினேன். ஆடி மாதம் அவர் வீட்டுக்காரர் தவறிப்போனார். குவைத்திலிருந்து மகன் வந்து சேரும்வரை எங்கள் பெட்டிதான் உடலைத் தாங்கியது.

அக்கா தெருவில் இறங்கி வண்டியை மறித்தார். துக்க வீடு என்பதால்தான் என்று நான் இழுத்தேன். "நாங்க சட்டி வைக்கக் கூடாது, சரி. ஒறவுக்காரங்க பலகாரம் கொண்டாந்து குடுக்கணுமா இல்லையா? எம்புள்ள அப்பன் மொகத்தப் பாத்துச்சுன்னா அது ஒங்களாலதான். பெட்டியத் தூக்கிக்கிட்டு வந்தப்ப ஒறவு, பலகாரத்தோட வாரப்ப மட்டும் அசலாரா?"

என் வீட்டுக்கு என்று வைத்திருந்த பெட்டியை இரண்டு கையாலும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, வெயிலில் போகிறேனே என்று மோர் கொடுத்தார். குடித்துவிட்டு வருகிற வழியெல்லாம் கண் கலங்கிக்கொண்டே இருந்தது. இவ்வளவு காலம் மரியாதை என்று நினைத்துத்தான் அத்தனை வீடுகளையும் தாண்டிப் போயிருக்கிறோம்.

ஓட்டெடுப்பு

தீபாவளி கழிந்து கூடினோம். அக்கா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, பெட்டி விற்பதை நிறுத்திவிடலாம் என்று யார் கையைத் தூக்கப் போகிறீர்கள் என்று கேட்டார். கையைத் தூக்காமலே முதலில் எழுந்தது கார்த்திக். விற்பதை நிறுத்த வேண்டாம், இனிமேல் குளிர்பெட்டி போன வீடுகளுக்குத்தான் முதல் இனிப்புப் பெட்டி, அதுவும் காசு வாங்காமல் என்று அவரே தீர்மானமும் சொன்னார். "புதுக் குளிர்பெட்டிக்கு நாம எல்லாரும் போன்லயே போட்டுருவோம். ஆனா போன்ல போயி ஒரு வீட்டு வாசல்ல நிக்க முடியாதேங்க. வல்லத்திராக்கோட்டைப் பக்கம் நானே போறேன்."

வருமானத்துக்கு வழி தேடிக் கூடியவர்கள் இலவசமாகப் பலகாரம் கொடுப்பதாக முடிவெடுத்துக் கலைகிறோம் என்றால், இந்தச் சங்கம் எப்படித்தான் ஓடுகிறது என்று எனக்கே விளங்கவில்லை, விளங்காமலே ஓடட்டும்.