தெப்பத்தில் வந்த மாளிகை

எங்களுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஒரு நாள் வேலையிலிருந்து வந்ததும் வராததுமாக என் கணவர், "உனக்கு அளவு நாடா பிடிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

"ரவிக்கைக்கு எடுப்பேன்."

"இது வீட்டுக்கு" என்றார்.

அவர் ரங்கூனில் கட்டட வரைபடம் போடுகிறவர். கியாக்தானுக்கு அப்பால், பழைய பர்மிய மந்திரி குடும்பத்தின் தேக்கு மாளிகை ஒன்றை அளந்து வரச் சொல்லி அலுவலகத்தில் உத்தரவு. அங்கே மந்திரியின் மகள் தனியாக இருந்தார். தாம் புழங்கும் மாடிக்கு ஆண்கள் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டாராம்.

ரங்கூனில் நாங்கள் குடியிருந்த லான்மடாவிலிருந்து விடியலில் கிளம்பினோம். ஆற்றைப் படகில் கடந்து, பிறகு மாட்டு வண்டி. மழை ஓய்ந்திருந்த நேரம், வயலெல்லாம் தண்ணீர். மாளிகை அதன் மேல் மிதந்து வருவது போலத்தான் எனக்கு முதலில் தெரிந்தது. அடுக்கடுக்காக ஏறி உச்சியில் சிறுத்துப்போன கூரை. விளிம்பெல்லாம் மரத்தில் செதுக்கிய கொடிகள். இரு கையாலும் கட்டிப் பிடிக்க முடியாத தூண்கள், ஒவ்வொன்றின் அடியிலும் வெட்டிய ஒரு பர்மிய எழுத்து.

அந்த அம்மாளுக்கு அறுபது வயதுக்குக் கிட்ட இருக்கும். பர்மியர் அம்மாவைக் கூப்பிடுகிற மாதிரி நான் 'அமே' என்றேன். அவர் என்னை 'தமீ', மகளே, என்றார்.

"அந்த எழுத்தெல்லாம் எதற்கு, அமே?"

"பிரித்ததை மறுபடி பூட்டத்தான், தமீ. இந்த வீடு மாந்தலேயில் இருந்தது. வெள்ளைக்காரர்கள் ராஜாவைப் பிடித்துக்கொண்டுபோன பிறகு, அப்பா இதைப் பிரித்துத் தெப்பமாகக் கட்டி ஆற்றில் விட்டார். வீட்டின் மேல் உட்கார்ந்துதான் நானும் வந்தேன்."

மாடியில் நான் அளந்து சொல்லச் சொல்ல, பலகை இடுக்கு வழியாகக் கேட்டுக் கீழே என் கணவர் எழுதிக்கொண்டார். தேக்கு வாசனையும் அரையிருட்டுமாக அறைக்குப் பின் அறை. கடைசியில் சித்திரக் கதவு ஒன்று. தாழை நீக்கித் தள்ளினேன். கண் கூசும் வெளிச்சம். ஒரு காலை எடுத்து வைக்கப் போனவளை, கூடவே வந்த அமே மணிக்கட்டைப் பற்றி இழுத்தார். கதவுக்கு வெளியே எதுவுமே இல்லை. வெகு கீழே தண்ணீர்.

"மாந்தலேயில் அந்தப் பக்கம் அக்காவின் வீடு இருந்தது. நடுவில் ஒரு மரப்பாலம். அடுத்த தெப்பத்தில் அக்கா வீடும் வந்துவிடும் என்று அப்பா கதவை வைத்தார். அக்கா ஊரை விட்டு வர மாட்டேன் என்றுவிட்டாள்." பிறகு வெளியே பார்த்தபடி, "நல்ல காற்று வரும்" என்றார்.

அலுவலகத்தில் தலைமை வரைவாளர் அந்தக் கதவை அழித்துவிட்டாராம். "அந்தரத்தில் கதவா? உம்முடைய சம்சாரம் தப்பாக அளந்திருக்கிறாள்."

"அவள் அதைத் திறந்து நின்றவள் சார்" என்று சொல்லி, குரலே உயர்த்தாத என் கணவர் அதைத் திரும்ப வரைந்திருக்கிறார். அன்று சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கொண்டேதான் இதைச் சொன்னார். கேட்காமலே அவர் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைத்தேன், அவ்வளவு சந்தோஷம்.

வரைபடத்தின் ஒரு பிரதியை அமேயிடம் கொண்டுபோனோம். அவர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பினார். கோடுகள் பிடிபடவில்லை. மாடியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, விரலைப் பிடித்து, படிக்கட்டில் ஏற்றி, ஒவ்வோர் அறையாக நடத்திக்கொண்டு போனேன்.

"இப்போது நாம் எங்கே இருக்கிறோம், தமீ?"

அந்தரத்துக் கதவின் பக்கத்தில் காட்டினேன். அந்த இடத்திலிருந்து விரலை எடுக்காமல், என் கணவர் மாடிக்கு வரலாம் என்று அமே கீழே குரல் கொடுத்தார்.