தண்டலின் சப்பாத்தும் கடற்பீச்சியும்

இடது கண்ணில் உப்புத் தண்ணீர் பட்டால் இன்றும் எனக்குத் தண்டலின் சிரிப்பு கேட்கிறது. கொழும்பிலிருந்து திரும்பிய அவருடைய தோணியைத் தூத்துக்குடி மணலில் இழுத்து ஏற்றி, அடியில் ஒட்டியிருந்ததையெல்லாம் ஆட்கள் சுரண்டிக்கொண்டிருந்த காலை அது. அவர் பலகையிலிருந்து ஒன்றைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தார். "ஏலே சாத்தாங்குளம், கொழும்புச் சாமான். மெதுவா அமுக்கிப் பாரு." வெற்றிலை போடுகிறவர்கள் இடுப்பில் செருகும் சுருக்குப்பை மாதிரி, பழுப்புத் தோலும் சுருங்கிய இரண்டு வாய்களுமாக இருந்தது. நான்தான் படித்தவன் ஆயிற்றே, எதையும் கிட்டத்தில் வைத்து ஆராயாமல் விடுவேனா? மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, முகத்துக்கு நேரே பிடித்து அமுக்கினேன். அது என் இடது கண்ணைக் குறிபார்த்துப் பீய்ச்சியது. கரையே சிரித்தது. தண்டல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தே விட்டார். பிறகு அவரேதான் எழுந்து வந்து, லேஞ்சி என்று அவர்கள் சொல்லும் கைக்குட்டையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார். அந்தத் துடைப்பில்தான் நான் விழுந்தேன்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. சாத்தான்குளத்தில் எங்களுக்கு மளிகைக்கடை. கடலுக்கும் எங்கள் குடும்பத்துக்கும் இருந்த ஒரே தொடர்பு, கருவாடும் உப்பும். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து, நீந்தவும் தெரியாமல், முத்துச்சிப்பி வளர்க்கிற வேலைக்கு நான் வந்தேன். மீன் இலாகா ஒரு பரிசோதனைக்காக, பார் என்னும் கடலடிப் பாறைத்திட்டிலிருந்து சிப்பிக் குஞ்சுகளை எடுத்து வந்து, முயல் தீவின் மறைவில் அலை அடங்கிய இடத்தில் கழி நட்டு, கம்பிக் கூடுகளில் தொங்கவிட்டிருந்தது. அவற்றைக் காப்பது என் பொறுப்பு. வேலை தற்காலிகம். வருட முடிவில் பெரிய அதிகாரி வந்து பார்ப்பார், சிப்பிகள் உயிரோடு இருந்தால் என் வேலை நிரந்தரம் என்று சொல்லியிருந்தார்கள். சிப்பிகளுக்கு வாயில்லாததால் என் எதிர்காலத்தைப் பற்றி அவற்றிடமே தினமும் பேசிக்கொண்டிருந்தேன்.

தண்டல் என்றால் தோணியை ஓட்டிப் போகிற தலைவர். இவர் என்னைவிட வயதில் மூத்தவர். கடற்கரைக் கத்தோலிக்கர். கறுத்து அகன்ற உடம்பு. கொழும்புக்கு உப்பும் கருவாடும் கொண்டுபோவார், வரும்போது கறுவாப்பட்டையும் ஊர்க்கதையும் கொண்டுவருவார். நான் படகில் ஏறும்போதெல்லாம் ஒரு கயிற்றை என் இடுப்பில் கட்டி மறுமுனையைத் தன் காலில் கட்டிக்கொள்வார். "இவன் விழுந்தா நானும் வரணும்லா" என்று ஆட்களிடம் சொல்லுவார். வேடிக்கைக்குச் சொன்னதுதான். நான் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. சொந்த அண்ணன்கூட அப்படிச் சொன்னதில்லை.

என்னைப் பீய்ச்சிய உயிருக்குக் கடற்பீச்சி என்று நானே பெயர் வைத்தேன். இலாகா ஐயா ஒருவர் அதன் சரித்திரத்தைச் சொன்னார். முட்டையிலிருந்து வரும்போது தவளைக்குஞ்சு மாதிரி வாலோடு இருக்குமாம். கொஞ்ச நேரம் நீந்தும், ஒரு தெரு தூரம்கூடப் போகாது. எங்கேயாவது தலைகீழாக ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் வால் போகும், மூளை என்று இருந்ததும் கரைந்துபோகும். இவ்வளவு சோம்பேறியான பிறவி, யுத்தக் கப்பல்களின் அடியில் ஒட்டிக்கொண்டு செலவில்லாமல் உலகத்தையே சுற்றி வந்துவிட்டது. எந்தக் கடலில் பிறந்ததோ ஒருவருக்கும் தெரியாது. கொழும்புத் துறைமுகத்தில் அந்தக் கப்பல்களின் பக்கத்தில் நின்ற நம் தோணிகளுக்கும் அது தொற்றிக்கொண்டது. சிப்பியின் மேல் ஏறினால் மூடி அடைத்து, அதன் தீனியையும் தின்று, கொன்றுவிடும்.

அதனால் ஒரு கட்டுப்பாடு வந்தது. கொழும்பிலிருந்து வரும் தோணி எதுவானாலும் கரையேற்றி, வெயிலில் காயவைத்துத்தான் அடியைச் சுரண்ட வேண்டும். தண்ணீரில் சாய்த்துவைத்துச் சுரண்டக் கூடாது. காயம்பட்ட பீச்சி சாகுமுன் முட்டையை வெளியே விட்டுவிடும். கூடுகளுக்குக் கிட்டத்தில் அது நடந்தால் வம்சமே அங்கே குடியேறிவிடும். தோணிக்காரர்களுக்கு இது பெரிய இடைஞ்சல். கரையேற்ற ஊரையே கூப்பிட வேண்டும். அதற்குள் உப்பு ஏற்றும் முறை அடுத்தவருக்குப் போய்விடும். நான் சொன்னால் யார் கேட்பார்கள்? தண்டல் சொன்னார், எல்லோரும் கேட்டார்கள். மாதா கோயில் இருந்த திசையைப் பார்த்துக் கையைத் தூக்கி, "பயலோட பொழப்பு இதுலதான் கெடக்கு. மாதா சத்தியமா என் தோணிதான் மொதல்ல கரையேறும்" என்றார்.

அந்தச் சமயத்தில்தான் தூத்துக்குடிக்குப் பக்கத்துப் புதுக்கோட்டையில் எனக்குப் பெண் பேசினார்கள். திருநெல்வேலி சாலையில் அரிசிக்கடை வைத்திருந்தவரின் மகள். ஆனால் அதிகாரி வர இரண்டு மாதமே இருந்தது, கூடுகளை விட்டுப் போக எனக்கு மனமில்லை. தண்டல் விடவில்லை. கொழும்பிலிருந்து அன்றுதான் வந்திருந்தார், தோணி இன்னும் கரையேறவில்லை. "போயி பொண்ணப் பாத்துட்டு வால. ராத்தங்கிட்டே வா. கூட்டை நான் பாத்துக்கிடுதேன்" என்றார். என் கால்களைப் பார்த்தார், செருப்பில் தேய்மானத்தைத் தவிர வேறொன்றும் மிச்சமில்லை. கொழும்பில் வாங்கி ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு மட்டும் போடுகிற தன் கறுப்புச் சப்பாத்தை, அந்தக் கொழும்பு பூட்ஸை, எடுத்துத் தந்தார். அவர் கால் தோணி, என் கால் தெப்பம். முன்பக்கம் பஞ்சு அடைத்துக்கொண்டு போனேன்.

பெண் வீட்டில் நான் நடந்த சத்தம் லாடம் அடித்த மாடு வந்தது போல இருந்திருக்க வேண்டும். உள்ளே யாரோ சிரித்தார்கள். என்ன வேலை என்று கேட்டார் அரிசிக்கடை அண்ணாச்சி. சிப்பி வளர்க்கிறேன் என்றேன். பால் கறக்குமா என்று கேட்காத குறையாகப் பார்த்துவிட்டு, "வேலை நெலச்சா வாங்க, பேசி முடிச்சிருவோம்" என்றார். காப்பி கொண்டுவந்த பெண் என் முகத்தைப் பார்க்கவில்லை. சப்பாத்தைத்தான் பார்த்தாள். பார்த்து, உதட்டைக் கடித்துக்கொண்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது. அவர்கள் கொடுத்த அதிரசத்தில் பாதியைத் தண்டலுக்கென்று மடித்து வைத்துக்கொண்டேன்.

மறுநாள் திரும்பியபோது அவருடைய தோணி துறையில் நின்றது. தண்ணீருக்கு மேல் தெரிந்த அடியெல்லாம் சுண்ணாம்பும் எண்ணெயும் புதிதாகப் பூசி, கல்யாணத்துக்கு வெள்ளையடித்த வீடு மாதிரி இருந்தது. ஒரே நாளில் கரையேற்றி முடித்துவிட்டாரே என்று வியந்து பாராட்டினேன். தண்டல் அதிரசத்தைத் தின்றார். பெண் எப்படி என்று கேட்டார். சப்பாத்து நடந்த கதையைச் சொன்னேன். அவர் சிரித்தார், ஆனால் மணலில் உட்கார்ந்து சிரிக்கவில்லை. அந்த வித்தியாசம் அன்று எனக்குத் தெரியவில்லை. ஒட்டியதும் மூளை கரைவது பீச்சிக்கு மட்டுமா?

சில வாரங்களில் கூட்டைத் தூக்கியபோது கம்பியே தெரியவில்லை. சுருக்குப்பைகள். பட்டாணி அளவில், புளியங்கொட்டை அளவில், ஒன்றின் மேல் ஒன்றாக. எதைத் தொட்டாலும் பீய்ச்சின. நகத்தால் பிய்த்தேன், கத்தியால் வழித்தேன், நல்ல தண்ணீரில் முக்கினேன். உள்ளே சிப்பிகள் வாயைத் திறந்தபடி செத்துக் கிடந்தன. எந்தத் தோணியிலிருந்து வந்தது என்று தெரியாமல், துறையில் நின்ற எல்லாத் தோணிகளையும் சந்தேகப்பட்டேன். தண்டலின் தோணியைத் தவிர. அவரிடமே போய் அழுதேன். அவர் லேஞ்சியைக் கொடுத்தார்.

உண்மை ஒரு டீக்கடையில் வெளிவந்தது. தண்டலின் ஆள் ஒருவன், தங்கள் தண்டலின் சாமர்த்தியத்தை மற்றத் தோணிக்காரர்களிடம் அளந்துகொண்டிருந்தான். நான் பின்னால் உட்கார்ந்திருந்தது அவனுக்குத் தெரியாது. தீவுக்குப் பின்னால் அலையில்லாத இடத்தில், பாரத்தை ஒரு பக்கம் நகர்த்தித் தோணியைச் சாய்த்து, ஒரே பகலில் சுரண்டிப் பூசி, உப்பு முறையைப் பிடித்துவிட்டார்களாம். காவலுக்கு இருக்கிறவன் பெண் பார்க்கப் போயிருந்தானாம். டீ ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தக் கடையில் கோபப்பட்டு எழுந்தவன் நான் என்று சொன்னால் நன்றாக இருக்கும். டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன் என்பதுதான் நடந்தது.

தண்டல் கரையில் தோணிப் பாய் தைத்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் மறுக்கவில்லை.

"சுரண்டிப் போட்டா மீனு தின்னுருமுன்னு நெனச்சேன்" என்றார். "முறை தப்பிருந்தா அந்த மாசம் என் ஆளுவளுக்கு அடுப்பு எரியாதுல."

"நீங்கதான அண்ணாச்சி சத்தியம் பண்ணுனிய?"

ஊசியைப் பாயில் குத்தி வைத்தார்.

"பொண்ணு பாக்கப் போ, ராத்தங்கிட்டு வான்னு சொன்னியளே, சப்பாத்து தந்தியளே. அதுவும் இதுக்குத்தானா?"

அவர் கடலைப் பார்த்தார். பொய் சொல்லியிருக்கலாம். நான் நம்பியிருப்பேன், அதில் எனக்குப் பழக்கம் உண்டு.

"அதுக்கும்தான்" என்றார்.

சப்பாத்தைத் துடைத்து அவர் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தேன். அதிகாரி வந்தார், கூடுகளைப் பார்த்தார், மூக்கைப் பொத்திக்கொண்டு பரிசோதனையை முடித்துவைத்தார். நான் சாத்தான்குளம் கடைக்குத் திரும்பினேன். புதுக்கோட்டைப் பெண்ணை வேறு இடத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்கு அளவான சப்பாத்து இருந்திருக்கும். வேலையும் பெண்ணும் போனதற்கு நான் பட்ட வருத்தம் சில வருடங்களில் ஆறிவிட்டது. ஆறாதது அந்த ஒரு சொல். இதற்காகத்தான் என்று சொல்லியிருந்தால் அவரை முழுதாக வெறுத்துவிட்டுத் தூங்கியிருப்பேன். இல்லை என்றிருந்தால் மன்னித்திருப்பேன். இடுப்பில் கட்டிய கயிறு, லேஞ்சி, பஞ்சடைத்த சப்பாத்து என்று ஒவ்வொன்றையும் எடுத்து வைத்து, இதில் எவ்வளவு பாசம், எவ்வளவு சுரண்டல் என்று பிரித்துப் பார்க்கிறேன். மளிகைக்கடைக்காரன் நான், அரிசியில் கல் பொறுக்கத் தெரியும். இதில் முடியவில்லை. அவரை நான் மறுபடி பார்க்கவில்லை.

போன மாதம் வேறு வேலையாகத் தூத்துக்குடி போனவன், மீன்பிடித் துறைமுகத்தில் சும்மா நின்றேன். ஆராய்ச்சிக்கு வந்த ஒரு பெண் தண்ணீரிலிருந்து கயிறொன்றை இழுத்துக்கொண்டிருந்தாள். கயிறு முழுக்கச் சுருக்குப்பைகள். இது இப்போது உலகத்தில் போகாத துறைமுகமே இல்லை, போன இடத்திலெல்லாம் இருந்ததை மூச்சடைத்துக் கொல்கிறது என்று எனக்குப் புதிதாகச் சொல்வதுபோல் சொன்னாள். ஒன்றைப் பிய்த்து என் உள்ளங்கையில் வைத்தாள். கீழே தண்ணீரில் மட்டும் போட்டுவிடாதீர்கள் என்றாள்.

நான் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினேன். முகத்துக்கு நேரே பிடித்தேன். பீய்ச்சும் என்று தெரிந்தேதான் அமுக்கினேன். பழைய குறி தப்பவில்லை, இடது கண். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் பதறிப்போய்த் தன் கைக்குட்டையை நீட்டினாள். துடைத்த பிறகும் கண்ணில் நீர் நிற்காததைப் பார்த்து, "உப்புத் தண்ணி பட்டதுக்கா தாத்தா இப்படிக் கலங்குது?" என்று கேட்டாள்.

"அதுக்கும்தான்" என்றேன்.