மைத்துனன் கொண்டுவந்த எண்ணெய்

எங்கள் ஊர் கெனிஃப்ராவின் டாக்சி நிலையத்தில் ஹத்தூ அண்ணனின் காரைச் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். பழைய ஜெர்மன் டீசல் வண்டி. கிலோமீட்டர் எண் ஒன்பது லட்சத்தில் நின்றுபோய் எட்டு வருடம் ஆகிறது. பின்னால் நான்கு பேர், முன்னால் டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர் சேர்ந்தால்தான் வண்டி கிளம்பும். திங்களும் வியாழனும் மட்டும் முன்சீட்டில் ஒரே ஆள், அவர் மனைவி தூடா. பெனி மெல்லால் நகரத்து ஆஸ்பத்திரியில் அவருக்கு ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். வண்டி படுத்தால் அவரும் படுத்துவிடுவார்.

நிலையத்துக்குப் பக்கத்தில் மெக்கானிக் பட்டறை வைத்திருக்கும் நான் அந்த எஞ்சினுக்குக் கெட்டி எண்ணெய்தான் ஊற்றுவேன். தேய்ந்த இரும்புக்கு நடுவே மெல்லிய எண்ணெய் நிற்காது, ஓடிவிடும். மற்ற டிரைவர்கள் எஞ்சின் குடித்த அளவுக்கு ஊற்றிக்கொண்டே போவார்கள், மாற்றவே மாட்டார்கள். ஹத்தூ அப்படியில்லை, சொன்ன நாளில் வந்து நிற்பார்.

ஆகஸ்டில் பிரான்சிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் மெத்தை முதல் சைக்கிள் வரை கார்மேல் கட்டிக்கொண்டு வருவார்கள். தூடாவின் தம்பி மிமூன் நான்கு டப்பா எண்ணெய் கொண்டுவந்தான். புதுக் கார்களுக்கானது, தண்ணீராக ஓடும். ஹத்தூ என்னிடம் சொல்லாமல் அதை ஊற்றிக்கொண்டார்.

அக்டோபரில் வந்தார். வண்டிக்கு அடியில் கறுப்புக் குட்டை. எண்ணெய் அழுத்த முள் அடியில் கிடந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"முப்பது வருஷமா ஓட்டுறீங்க. இது கூடவா தெரியாது?"

"தெரியும், தம்பி."

"தெரிஞ்சுமா ஊத்தினீங்க?"

"அவ தம்பி அவளுக்காகத் தூக்கிட்டு வந்தது. ஊத்தும்போது பக்கத்துல நின்னா. எத்தனை மாசம் கழிச்சு சிரிச்சா தெரியுமா? வேணாம்னு எப்படிடா சொல்றது?"

ராத்திரித் தூக்கம் இல்லாததில் உட்கார்ந்த இடத்திலேயே அவர் கண் சொருகியது. அதற்குமேல் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஒழுகிய ரப்பர் வளையத்தை மாற்றி, கெட்டி எண்ணெய் ஊற்றினேன்.

"இனிமே அந்த பிரான்ஸ் டப்பால இதை நிரப்பி வை. அவ கண்ணு முன்னால அதுலேர்ந்துதான் ஊத்தணும்" என்றார்.

அப்படியே செய்து வந்தேன். டிசம்பரில் ஒரு வியாழக்கிழமை, ஹத்தூ பின்சீட்டுக்கு ஆள் கூப்பிடப் போயிருந்தார். நான் ஊற்றிக்கொண்டிருந்தேன். தூடா அண்ணி இறங்கி வந்து, காரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

"என் தம்பி எண்ணெய் ரொம்ப மெதுவா இறங்குதே."

"குளிர், அண்ணி."

"உன் குளிரைத் தூக்கி அடுப்புல போடு. நான் ஆலிவ் செக்கு வெச்ச வீட்டுப் பொண்ணு. எண்ணெயைப் பத்தி எங்கிட்டயே கதை விடுறியா?"

டப்பாவை நிமிர்த்தி மூடியைத் திருகினேன்.

"அவருகிட்ட சொல்லிடாதே. என்னை ஏமாத்திட்டோம்னு அந்த மனுஷன் கொஞ்சம் நிம்மதியா இருக்காரு." மூச்சு வாங்கிக்கொண்டார். "வண்டி இன்னும் எத்தனை நாள் தாங்கும்?"

"ஒழுங்கா பாத்துக்கிட்டா ரெண்டு மூணு வருஷம்."

"போதும். எனக்கு அவ்வளவு கூட வேணாம்."

போனட்டை மூடினேன். அண்ணி முன்சீட்டில் ஏறிக்கொண்டார். நான்கு பேரோடு ஹத்தூ திரும்பி வந்து சாவியைத் திருப்பினார்.

"எண்ணெய் முள்ளு எங்க நிக்குது, தூடா?"

"மேலதான் நிக்குது. மிமூன் எண்ணெய்னா சும்மாவா?"