வாயில்லாத பூச்சி

டிரங்குப் பெட்டியின் அடியில், பழைய சேலையில் சுற்றிய கண்ணாடிப் பெட்டி ஒன்று கிடக்கிறது. உள்ளே ஓர் அந்துப்பூச்சி. மஞ்சள் கலந்த இளம்பச்சை நிறம். விரித்த சிறகு என் உள்ளங்கையைவிட அகலம். கீழ்ச்சிறகுகளிலிருந்து இரண்டு நீண்ட வால்கள், நுனி கட்டாமல் விட்ட சடைபோலத் தொங்குகின்றன. சிறகுக்கு ஒன்றாக, கண் போன்ற நான்கு வட்டப் புள்ளிகள்.

அதைத் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்துக்குக் கொண்டுவந்தவர் என் மாமியார். வட்டகொடைப் பக்கம் தோட்டத்துத் துரையின் பங்களாவில் ஆயாவாக இருந்தார். முன்பு ஆப்பிரிக்காவில் தேயிலைத் தோட்டம் பார்த்த அந்தத் துரை, சீமைக்குத் திரும்பும்போது கொடுத்தது. அட்டையில் இருந்த இங்கிலீஷை நான்தான் வாசித்துச் சொன்னேன். ஆப்பிரிக்காவின் கிழக்குக் காடுகள் தொடங்கித் தெற்கு வரைக்கும்தான் இது உண்டு. நம் மலையில் விளக்குக்கு வரும் பச்சைப் பூச்சி இதற்கு உறவு, அவ்வளவுதான். அத்தைக்கு அந்தக் கண்கள் போதுமாயிருந்தன. சாமி படங்களுக்குப் பக்கத்தில், என் மகளின் தொட்டிலுக்கு நேர் மேலே ஆணி அடித்து மாட்டினார்.

“நாலு கண்ணு முழிச்சிப் பாக்குது. இத மீறி எவ கண்ணு புள்ள மேல விழும்?”

துரையின் மனைவி துரைசாணி சொன்னதாக இன்னொன்றும் சொல்லிச் சிரிப்பார். “இதுக்கு வாயே கெடையாது புள்ள. புழுவா இருக்கயில தின்னதுதான். றெக்க மொளச்சா பட்டினியிலயே செத்துரும்.”

நானும் சிரித்தேன். பிறகு ஒருநாள், கைக்குழந்தையாக இருந்த என் மகள் பால் குடிக்க மறுத்தாள். மறுநாளும் உதட்டைத் திறக்கவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுத்து, பார்ப்போம் என்றார்கள். செத்த பூச்சிக்கும் பிள்ளையின் பசிக்கும் தொடர்பில்லை என்று படித்த எனக்குத் தெரியாதா? தெரிந்தும், நிமிரும்போதெல்லாம் அந்த வாயில்லாத முகமே கண்ணில் பட்டது. பெட்டியைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினேன்.

விறகோடு வந்த அத்தை பார்த்துவிட்டார். “காவலுக்கு இருக்கிறதப் போயி திருப்பி வச்சிருக்கியே, பாவி! புள்ள எப்பிடிப் பொழைக்கும்?”

“வாயில்லாதத தலைக்கு மேல தொங்கவிட்டா எப்பிடி அத்த பால் குடிக்கும்?”

“படிச்சவ பேசுற பேச்சா இது?” என்றவர், என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். பெட்டியைக் கழற்றித் தன் சேலையில் சுற்றி டிரங்கில் வைத்துப் பூட்டினார். “நீ பயந்துகிட்டே இருந்தா ஒனக்குப் பால் ஊறாது தாயி.” என் பாலைச் சங்கில் பீய்ச்சச் சொல்லி, பிள்ளையை மடியில் கிடத்திச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினார்.

அடுத்த நாள் விடியும்போது மகள் தானாகவே மார்பைத் தேடினாள். மருந்தா, சங்கா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. அத்தை பெட்டியைத் திரும்ப மாட்டவில்லை. ஆனால் பிள்ளை இருமும்போதெல்லாம் அவர் பார்வை அந்த வெறும் ஆணிக்குப் போகும். என்னைச் சமாதானப்படுத்த அவர் விட்டுக்கொடுத்தது எவ்வளவு என்று அப்போதெல்லாம் நினைப்பேன்.

போன மழைக்காலத்தில் அத்தை இறந்துபோனார். அவருடைய சேலைகளை எடுக்க இன்று டிரங்கைத் திறந்தபோது மகள் பூச்சியைப் பார்த்துவிட்டாள். கையிலிருந்த ரொட்டித் துண்டைக் கண்ணாடிமேல் வைத்து அழுத்தினாள்.

“அம்மா, இது திங்க மாட்டேங்குது.”

“நீ தின்னு மொதல்ல” என்றேன். அவள் மென்று விழுங்கும்வரை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.